ஹைலேண்ட் கவுண்டி: புல்லால் பெயர் பெற்ற மலைநாடு (கேள்வி பதில்)

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கால்நடை மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அம்மாநிலத்தின் மேற்கு விளிம்பில், மேற்கு வர்ஜீனியா எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஹைலேண்ட் கவுண்டியைப் பற்றிப் பேச்சுவாக்கில் ஒருமுறை குறிப்பிட்டேன். அதிலிருந்து பலரும் பலவிதமாகக் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் போன்றதா? ஹைலேண்ட் எவ்வளவு பெரியது?

மாநிலத்துக்கு அடுத்த நிர்வாக அலகு என்ற வகையில் மாவட்டம் என்று சொல்லலாம். ஆனால் மக்கள் தொகையைப் பார்த்தால் நம் பெரிய கிராமம் ஒன்றுக்குக்கூட ஈடாகாது. பரப்பு 416 சதுர மைல். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதில் வாழ்பவர்கள் 2,232 பேர். வர்ஜீனியாவிலேயே மிகக் குறைந்த மக்கள் கொண்ட கவுண்டி இதுதான். இதை அங்குள்ளவர்கள் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் கவுண்டி ஆகச் சிறியது என்று தலை நிமிர்ந்துதான் சொல்வார்கள்.

1847இல் பாத், பெண்டில்டன் என்னும் இரு கவுண்டிகளிலிருந்து பிரித்து இதை உருவாக்கினார்கள். தலைநகர் மான்டெரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,900 அடி உயரத்தில் இருக்கிறது. 1846இல் மெக்சிகோவின் மான்டெரே நகரில் அமெரிக்கப் படை பெற்ற வெற்றியின் நினைவாக வைத்த பெயர் அது. 'வர்ஜீனியாவின் சுவிட்சர்லாந்து' என்று சுற்றுலாத் துண்டறிக்கைகளில் போடுகிறார்கள். சொந்தப் பெயரே போதுமான ஊருக்கு இந்த இரவல் பெயர் எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

அங்குள்ள ஆறுகளுக்கு மாட்டின் பெயர்கள் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதானா?

உண்மைதான். கிழக்கிலிருந்து மேற்காகப் போனால் முதலில் கன்று மேய்ச்சல், அடுத்துப் பசு மேய்ச்சல், அதற்கும் அப்பால் காளை மேய்ச்சல் எனப் பொருள்படும் மூன்று ஆறுகள் வரும். ஆங்கிலத்தில் காஃப்பாஸ்சர், கவ்பாஸ்சர், புல்பாஸ்சர் என்பார்கள். முதலாவது ஹைலேண்டுக்குக் கிழக்கே ஓடுகிறது. மற்ற இரண்டும் ஹைலேண்டுக்குள்ளேயே ஓடுகின்றன.

பெயர்க் காரணமாக ஒரு கதை சொல்வார்கள். யாரோ ஒரு மந்தையைத் திருடி மேற்கே மலையை நோக்கி ஓட்டிப் போனார்களாம். நடக்க மாட்டாத கன்றுகள் முதல் பள்ளத்தாக்கிலேயே நின்றுவிட்டன. பசுக்கள் அடுத்ததில் களைத்துப் படுத்தன. காளைகள் மட்டுமே மூன்றாவது பள்ளத்தாக்கு வரை போய்ச் சேர்ந்தன. இதற்கு ஆவணச் சான்று தேடிப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். ஆனாலும் மாடு ஓட்டிப் பழகியவன் கட்டிய கதை என்பதில் எனக்கு ஐயமில்லை, ஏனென்றால் மலையேற்றத்தில் எது முதலில் சோரும், எது கடைசிவரை போகும் என்ற வரிசை அதில் அப்படியே சரியாக இருக்கிறது.

தண்ணீரைப் பொறுத்து இன்னொரு பெருமையும் உண்டு. காளை மேய்ச்சல் ஆறு பசு மேய்ச்சல் ஆற்றில் கலந்து, அது தெற்கே போய் ஜாக்சன் ஆற்றோடு சேர்ந்து ஜேம்ஸ் நதியாகிறது. வர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்ட் அந்த நதியின் கரையில்தான் இருக்கிறது. இதே கவுண்டியின் ஹைடவுன் பகுதியில் ஊறும் பொட்டோமாக் நதியின் தென்கிளையோ வடக்கே திரும்பி, முடிவில் நாட்டின் தலைநகரான வாஷிங்டனைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஹைடவுனில் ஒரு தொழுவத்தைக் காட்டி, அதன் கூரையில் ஒரு பக்கம் விழும் மழை ஜேம்ஸுக்கும் மறுபக்கம் விழுவது பொட்டோமாக்குக்கும் போகும் என்பார்கள். இரண்டு தலைநகரங்களுக்கும் நாங்கள்தான் தண்ணீர் அனுப்புகிறோம் என்ற நினைப்பு அந்தப் பேச்சுக்குள் ஒளிந்திருக்கிறது.

மலைப்பகுதியில் மண் வளம் குறைவாகத்தானே இருக்கும்? மாடு வளர்ப்பு அங்கே எப்படி வேரூன்றியது?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். அந்த மலைகளின் முகடுகள் பெரும்பாலும் மணற்கல்; அங்கே மண் அமிலமேறிப் புளித்துக் கிடக்கும், காடு தவிர வேறொன்றும் தேறாது. ஆனால் முகடுகளுக்கு இடையில் நீளவாக்கில் கிடக்கும் பள்ளத்தாக்குகள் பலவற்றின் அடியில் சுண்ணாம்புக் கல் இருக்கிறது. சுண்ணாம்பு கரைந்து உருவான மண்ணில் புல் யாரும் விதைக்காமலே மண்டும், அதை மேயும் மாட்டுக்கு எலும்புக்கு வேண்டிய சத்தும் புல்லிலேயே கிடைத்துவிடும். கவுண்டியின் வடக்கே, ஜெர்மானிய வம்சாவழியினர் அதிகமாகக் குடியேறிய பள்ளத்தாக்கில், முன்பு கிராப்பாட்டம் என்று அழைக்கப்பட்ட ஊர் இன்று புளூ கிராஸ் என்ற பெயரில் இருக்கிறது. நீலப்புல் என்று பொருள். காட்டு ஆப்பிளின் பெயரால் வழங்கிய ஊர் கடைசியில் தன் புல்லின் பெயரையே சூடிக்கொண்டது.

அடுத்தது உயரம். நீலப்புல் போன்றவை குளிர் விரும்பும் புல்வகைகள். கீழே ஷெனண்டோவா சமவெளியில் ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் அவை வளராமல் அடங்கிவிடும். போதாக்குறைக்கு, வர்ஜீனியா முழுவதும் பரவியுள்ள ஃபெஸ்க்யூ என்ற புல்லுக்குள் வாழும் ஒரு பூஞ்சையின் நஞ்சு மாட்டின் உடல் சூட்டை ஏற்றிவிடும். மாடுகள் மேயாமல் குட்டையில் போய் நிற்கும். அதே மாதங்களில் ஹைலேண்டில் இரவில் போர்வை தேவைப்படும். புல்லும் பச்சையாகவே நிற்கும். அதனால்தான் சமவெளி விவசாயிகள் வசந்தம் முடியும் தறுவாயில் மந்தைகளை மேலே ஓட்டி வந்து, இலையுதிர் காலத்தில் கொழுத்த மாடுகளாகக் கீழே இறக்கிக் கொண்டு போகும் வழக்கம் தோன்றியது. இன்று லாரியில் ஏற்றுகிறார்கள் என்பதைத் தவிர அந்த ஏற்ற இறக்கத்தில் பெரிய மாற்றமில்லை.

பால் பண்ணைகள் ஏன் இல்லை?

பால் நாள்தோறும் கீழே இறங்கியாக வேண்டும்; பனி மூடிய மலைச்சாலை அதற்கு உத்தரவாதம் தராது. கறவை மாட்டுக்கு வேண்டிய மக்காச்சோளம் விளையும் சமநிலமும் அங்கே குறைவு. கன்றுக்கு அந்த அவசரம் கிடையாது. ஆறேழு மாதம் தாயிடம் வளர்ந்து, தன் காலாலேயே லாரியில் ஏறிவிடும்.

ஒரு பண்ணையின் ஓர் ஆண்டு எப்படிப் போகும் என்று விளக்க முடியுமா? (கால்நடை மருத்துவ மாணவி)

பெரும்பாலானவை கறுப்பு ஆங்கஸ் இனம் அல்லது அதன் கலப்பு, பிறவியிலேயே மோழை, அதாவது கொம்பில்லாதவை. கோடையில் பொலிகாளையை மந்தையில் விட்டால், சினைக்காலம் சுமார் 283 நாள் ஆகையால், பனி முழுதாக விலகாத மார்ச், ஏப்ரல் மாதங்களில் கன்றுகள் விழும். கண்காணிப்பு மிகுதியாகத் தேவைப்படுவது தலையீற்றுக் கிடாரிகளுக்குத்தான்.

ஒரு காட்சி சொல்கிறேன். மார்ச் மாத விடியற்காலை, முழங்கால் அளவு பனி. நாங்கள் போவதற்குள் கிடாரி ஈன்றுவிட்டது. கன்றின் ஈரம் காய்வதற்கு முன்பே காது நுனி விறைத்துவிட்டது. பண்ணைக்காரர் அதைத் தூக்கிப் பழைய வண்டியின் முன் இருக்கைக்குக் கீழே, சூடான காற்று வரும் இடத்தில் படுக்க வைத்துவிட்டு, தாயைத் தொழுவத்துக்கு ஓட்டினார். அரை மணி கழித்துக் கன்றின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தோம். சூடு திரும்பியிருந்தது, விரலைச் சப்பியது. அதன் பிறகுதான் அவர் காபியைத் தொட்டார்.

வசந்தத்தில் வேறோர் ஆபத்து. குளிர்காலம் முழுக்க உலர்புல் தின்ற மாடு திடீரென்று குருத்துப் புல்லில் இறங்கும்போது, அந்தப் புல்லில் மக்னீசியம் போதாமல் வலிப்பு வந்து விழும்; கறக்கும் நிலையில் உள்ள நல்ல தாய்களைத்தான் அது முதலில் தாக்கும். மேய்ச்சலில் இறக்குவதற்குச் சில வாரம் முன்பிருந்தே மக்னீசியம் கலந்த தாது உப்பு வைக்க வேண்டும் என்பதை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

ஜூன் முதல் உலர்புல் அறுவடை. புல்லை அறுத்து, வெயிலில் புரட்டி, உருளைகளாகச் சுற்றி வைப்பார்கள். காயும் முன் ஒரு மழை பிடித்தால் பாதி சத்து போய்விடும் என்பதால், அந்த வாரங்களில் திருமணம்கூட வைக்க யோசிப்பார்கள். அக்டோபர் வாக்கில் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்துப் பால் மறக்கடிப்பார்கள். 2 நாள், 3 நாள் பள்ளத்தாக்கு முழுவதும் கதறலாக இருக்கும். சுமார் 225 கிலோ எடைக்கு வந்த கன்றுகள் ஏலத்துக்குப் போய், அங்கிருந்து தானியம் விளையும் மத்திய மாநிலங்களின் கொழுக்கவைக்கும் பட்டிகளுக்குப் போகும்.

இறைச்சிக்காகக் கன்று விற்பதில் என்ன பெருமை? மன்னிக்கவும், கேட்கத் தோன்றியது.

கேட்டதில் தவறில்லை. எனக்கும் தொடக்கத்தில் அந்த நெருடல் இருந்தது. அவர்கள் பெருமைப்படுவது விற்பனையைப் பற்றியன்று. பாட்டன் வைத்திருந்த மந்தையின் வழியில் வந்த தாய்ப் பசுக்களைக் கலைத்துவிடாமல், மேய்ச்சலைத் தேய்ந்துபோக விடாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதைத்தான் பெருமை என்கிறார்கள். நிலத்தை அளவுக்கு மேல் மேயவிட்டவனைப் பற்றி ஊர் பேசும் பேச்சைக் கேட்டால் இது புரியும்.

மனிதரைவிட ஆடுகள் அதிகம் என்று கேள்விப்பட்டேனே?

ஒரு காலத்தில் செம்மறிகள்தான் அந்தக் கவுண்டியின் அடையாளம். கம்பளி விலை விழுந்தது. கம்பளிக்கு அரசு கொடுத்து வந்த உதவித்தொகை 1990களில் நின்றது. கயோட்டி என்னும் ஓநாய் இனத்து விலங்கு மலைக்குள் புகுந்து குட்டிகளைத் தூக்கியது. மூன்றும் சேர்ந்து மந்தைகளைச் சுருக்கிவிட்டன. அடியோடு ஒழியவில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் இந்த ஊருக்குப் பங்கு உண்டா, ஐயா?

உண்டு. 1862 மே 8 அன்று மெக்டவல் என்னும் சிற்றூரில், சிட்லிங்டன் குன்றின் மேல் சண்டை நடந்தது. தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனின் தென்தரப்புப் படை குன்றின் உச்சியில். மில்ராய், ஷெங்க் ஆகியோரின் ஒன்றியப் படை, அதாவது வடதரப்புப் படை, கீழே. மேலே இருப்பவனுக்கே சாதகம் என்று நினைப்போம். மாலை வெளிச்சத்தில் உச்சியில் நின்ற ஜார்ஜியா வீரர்கள் வானத்தின் பின்னணியில் கரிய உருவங்களாகத் தெரிய, நிழலில் ஏறி வந்தவர்கள் குறி பார்த்துச் சுட்டார்கள். இரவில் ஒன்றியப் படை பின்வாங்கியதால் வெற்றி ஜாக்சனுக்கு. ஆனால் அடிபட்டவர்களும் மாண்டவர்களும் அவர் பக்கம் 400க்கு மேல், எதிர்ப்பக்கம் சுமார் 260. தோற்றவர்களைவிட வென்றவர்கள் அதிகம் இழந்த சண்டை அது.

1863இல் மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமானபோது பக்கத்திலுள்ள பெண்டில்டனும் போகஹாண்டஸும் அந்தப் பக்கம் போயின. ஹைலேண்ட் வர்ஜீனியாவிலேயே நின்றது. அன்று வேலியைப் போல விழுந்த கோடுதான் இன்றைய மாநில எல்லை. இந்த வரலாற்றைப் பேசும்போது அங்குள்ள பலர் ஜாக்சனோடு நிறுத்திக்கொள்வார்கள். இதே பள்ளத்தாக்குகளின் பண்ணைகளில் கறுப்பின மக்கள் அடிமைகளாக உழைத்தார்கள் என்பதையும், அதற்கும் முன்பு பூர்வகுடிகள் வேட்டையாடிய நிலம் அது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு வரலாறு.

நம் ஊர் தைலேரியா நோய் அங்கும் இருக்கிறதா?

உண்ணி பரப்பும் அந்த மாட்டு இரத்த நோய் அங்கும் உண்டு; அதே குடும்பம், வேறு வகை. 2017இல் வர்ஜீனியாவின் ஆல்பமார்ல் கவுண்டியில் ஒரு மந்தையில் தைலேரியா ஓரியண்டாலிஸின் இகேடா வகை கண்டறியப்பட்டு, பின்னர் பல கவுண்டிகளுக்குப் பரவியது. அதைச் சுமப்பது ஆசியாவிலிருந்து வந்த நீள்கொம்பு உண்ணி. ஆண் துணையின்றியே பெண் உண்ணி முட்டையிட்டுப் பெருகும் என்பதால், ஒன்றே ஒன்று வந்தாலும் போதும். நம் ஊரில் கலப்பினப் பசுவுக்குப் போடும் பூபார்வாகுவோன் ஊசிக்கு அங்கே அனுமதி இல்லை. எனவே இரத்தச் சோகை கண்ட மாட்டை அலைக்கழிக்காமல் ஓய்வில் வைப்பதும் உண்ணியைக் கட்டுப்படுத்துவதுமே வழி. சென்னையில் படித்த பாடம் அங்கே பாதிதான் உதவியது.

இளைஞர்கள் தங்குகிறார்களா?

1900இல் 5,647 பேர் இருந்த இடம். இன்றைய எண்ணை மேலே சொன்னேன், கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நிலத்தின் விலையைக் கன்று விற்ற காசால் எட்ட முடிவதில்லை; விடுமுறை வீடு தேடும் நகரத்தாருக்கு எட்டுகிறது. ஆனாலும் 1877இல் தொடங்கிய ரெக்கார்டர் வார இதழ் வழிவழியாக வந்து, இப்படிப்பட்ட சின்ன இடத்துச் செய்திகளை விடாமல் எழுதுகிறது. அட்லாண்டிக் கடற்கரை எரிவாயுக் குழாய்த் திட்டத்தின் பாதை இந்த மலைகளுக்குள் திருப்பப்பட்டபோது எதிர்ப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 2020 ஜூலையில் திட்டம் கைவிடப்பட்டது.

எப்போது போனால் பார்க்க நன்றாக இருக்கும்?

மார்ச்சில் இரண்டு வார இறுதிகளில் மேப்பிள் விழா நடக்கும். இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலும் மாறி மாறி வந்தால் மரத்தில் சாறு ஏறும். சுமார் 40 குடம் சாற்றைக் காய்ச்சினால் ஒரு குடம் பாகு. நம் பதநீர் காய்ச்சும் அடுப்பைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கொட்டகையும் ஆவியும் வேற்றூராகத் தெரியாது. கூட்டம் பிடிக்காதவர்கள் ஜூன் மாதம் போகலாம்.

ஸ்டான்டன் நகரிலிருந்து 250ஆம் எண் சாலையில், ஷெனண்டோவா மலை, புல்பாஸ்சர் மலை, ஜாக் மலை என ஏறி இறங்கி சுமார் 45 மைல். வளைவுகள் அதிகமாகையால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்; பெட்ரோலை ஸ்டான்டனிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மேய்ச்சல் நிலத்துக்குள் போகப் பண்ணைக்காரர் அனுமதி தந்தால், நீங்கள் திறந்த வேலிக் கதவை நீங்களே மூடுங்கள். மூடியிருக்காதது என்றால் அப்படியே விட்டுவிடுங்கள், தண்ணீருக்குப் போகும் வழியாக அது இருக்கக்கூடும்.