ஞாயித்துக்கிழமை பேடு தீந்துபோனா?

கேள்வி: அக்கா, எனக்கு திருமங்கலம். ஜெர்மனிக்கு படிக்க வந்து ரெண்டு மாசம் ஆகுது. போன ஞாயித்துக்கிழமை பீரியட்ஸ் வந்துருச்சு, கொண்டு வந்த பேடும் தீந்துபோச்சு, கடை எதுவும் தொறக்கல. ரூம்மேட்கிட்ட கேக்க கூச்சப்பட்டு துப்பட்டாவ கிழிச்சு வச்சுக்கிட்டேன். மறுநாள் கடையில கறுப்பு கவர் தரல, ஜாக்கெட்டுக்குள்ள ஒளிச்சுதான் எடுத்துட்டு வந்தேன். நான்தான் பட்டிக்காடா இருக்கேனா?

பதில்: பட்டிக்காடெல்லாம் இல்ல தங்கச்சி. துப்பட்டாவ கிழிச்சேன்னு படிச்சதும் எனக்கு மனசே சரியில்ல. மொதல்ல ஆக வேண்டியத பாப்போம், அங்க பேடுக்கு பேரு பிண்டன், ராத்திரிக்கு வைக்கறதுல நாஹ்ட்னு போட்டிருக்கும், ஸ்லிப்ஐன்லாகெனு இருக்கறத எடுத்துறாத, அது மெல்லிசு, வெள்ளப்படுறதுக்குத்தான் ஆகும். டிஎம், ராஸ்மான்னு சோப்பு, ஷாம்பு விக்கற கடைங்க, சூப்பர்மார்க்கெட் எல்லாத்துலயும் கிடைக்கும். ஞாயித்துக்கிழமைனா பெரிய ரயில்வே ஸ்டேஷனுக்குள்ள இருக்கற கடை, பெட்ரோல் பங்க், இல்லன்னா அன்னிக்கு முறை வச்சு தொறந்திருக்கற மருந்துக்கடை. உடம்புக்குள்ள வச்சுக்கற டாம்பான் வாங்கினா எட்டு மணி நேரத்துக்கு மேல உள்ள வச்சிருக்கக் கூடாது.

அந்த கறுப்பு கவருக்கு வர்றேன். நான் காலேஜ் படிக்கறப்ப சிம்மக்கல்ல ஒரு மெடிக்கல்ல ஆம்பளைங்க எல்லாம் போற வரைக்கும் ஓரமா நிப்பேன், கடைக்காரரு நியூஸ்பேப்பர்ல சுத்தி, சணல் கட்டி, அதுக்கு மேல கறுப்பு கவர், இருமல் மருந்து வாங்குனவங்களுக்கு மட்டும் அப்படியே கையில குடுப்பாரு. நம்ம மாவட்டத்துல கூவலாபுரத்துல முட்டுவீடுன்னே தனியா இருந்து அந்த நாள்ல பொம்பளைங்க அங்க போய் தங்கறது பேப்பர்லயே வந்திருக்கு. இதெல்லாம் பாத்து வளந்த புள்ளைக்கு ஃப்ளைட் ஏறுன உடனே கூச்சம் எப்படி போகும் சொல்லு.

அங்கிட்டு உள்ளவங்களும் பட்டுன்னு பேரச் சொல்லிருவாங்கன்னு நெனைக்காத. 'எனக்கு என் நாளு'ன்னுதான் ஜெர்மன்ல சொல்றது, நம்ம 'அந்த மூணு நாளு' மாதிரியேதான், ஸ்ட்ராபெரி வாரம்னு கூட ஒரு ஜாடைப் பேச்சு உண்டு. அதனால உன் ரூம்மேட்டுக்கும் இந்தக் கூச்சம் புதுசா இருக்காதுமா.

இன்னிக்கே ரெண்டு பாக்கெட் வாங்கு, ஒண்ணு உன் பையில இருக்கட்டும், இன்னொண்ண பாத்ரூம் ஷெல்ஃப்ல கண்ணுக்குத் தெரியற மாதிரி வை. வேணும்னா எடுத்துக்கோன்னு அவகிட்ட சொல்லு, எனக்குத் தீந்துபோனா உன்கிட்ட வந்து கேப்பேன்னும் அப்பவே சொல்லிரு.