மாலை போட்ட மூன்றாம் நாள்

கேள்வி: கணவருக்கு 44 வயது, விவசாயக் கூலி. தினமும் இரண்டு குவார்ட்டர். போன கார்த்திகையில் மாலை போட்டு ஒரேயடியாக நிறுத்தினார். மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தி, வாய்க்கால் பக்கம் ஓடிவிட்டார். விரதத்தில் ஏதோ குறை என்கிறார் மாமியார். இப்போது மறுபடி குடிக்கிறார். திரும்பவும் நிறுத்தச் சொல்லவே பயமாக இருக்கிறது.
– வாசகி, பாபநாசம்

பதில்: விரதத்தில் ஒரு குறையும் இல்லை, சகோதரி. வருடக்கணக்காக மது மூளையை அமுக்கி வைத்திருக்கும். மூளையும் எதிர்த்து முறுக்கிக்கொண்டே இருக்கும். அமுக்கிய கை சட்டென்று விலகினால் முறுக்கு மட்டும் மிஞ்சும். கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 8 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல். வலிப்பு வந்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள். அதன் பிறகு, இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில்தான் நீங்கள் பார்த்த பிதற்றல். இல்லாத ஆளோடு பேசுவார்கள், போர்வையைப் பிய்ப்பார்கள். நாற்றுப் பறிக்கிறவர் படுக்கையில் உட்கார்ந்து நாற்று முடி (நாற்றுக் கட்டு) கட்டுவதுபோலக் கையை ஆட்டிக்கொண்டிருப்பார். வைத்தியம் இல்லாவிட்டால் உயிரே போகலாம். ஒரு முறை இப்படி வந்தவருக்கு அடுத்த முறையும் வர வாய்ப்பு அதிகம். அதனால் நிறுத்தட்டும், வீட்டில் வேண்டாம்; உள்நோயாளியாகச் சேர்ந்து நிறுத்தட்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

அங்கே அந்த முறுக்கைத் தணிக்கும் குளோர்டயஸிபாக்சைடு அல்லது டயஸிபாம் மாத்திரை கொடுத்து, சுமார் ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். ஈரல் கெட்டிருந்தால் லோரஸிபாம். இதை மெடிக்கலில் வாங்கி வீட்டில் கொடுக்காதீர்கள். மேலே சரக்கும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும்.

இன்னொன்று. நடுங்குகிறவரைத் தூக்கிக்கொண்டு போய் ‘தெம்புக்கு ஒரு பாட்டில்’ ஏற்றுவது நம் ஊர் வழக்கம். குடிக்கிறவர் உடம்பில் தயமின் (வைட்டமின் பி1) வறண்டு கிடக்கும். தயமின் ஊசி போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருப்பதும் செலவாகி, பார்வை ஆடி, நடை தள்ளாடி, நினைவே நிரந்தரமாகக் கெடலாம். அதனால் சேர்க்கும்போதே நான்கு விஷயம் சொல்லுங்கள்: கடைசியாகக் குடித்த நேரம், தினசரி அளவு, முன்பு வந்த வலிப்பு அல்லது பிதற்றல், இப்போது சாப்பிடும் மாத்திரைகள். வெட்கப்பட்டு அளவைக் குறைத்துச் சொன்னால் மருந்தும் குறைவாகத்தான் போகும்.

கேள்வி: ஒரு மறுவாழ்வு மையத்தில், வேன் அனுப்பித் தூக்கிக்கொள்கிறோம், மூன்று மாதம் யாரும் பார்க்கக் கூடாது என்கிறார்கள். தம்பியைச் சேர்க்கலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடியால் வரும் மனநிலைக் கோளாறுகளும் அடங்கும். தானே விரும்பிச் சேர்ந்தவர் கேட்டால் வெளியே விட வேண்டும். ஆபத்து இருக்கிறது என்று மருத்துவர் கருதினால் மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் நிறுத்திவைக்கலாம், அவ்வளவுதான். விருப்பம் இல்லாமல் சேர்க்க வேண்டுமென்றால் அவருடைய நியமனப் பிரதிநிதி (அவர் சார்பில் முடிவெடுக்க நியமிக்கப்பட்டவர்) விண்ணப்பிக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவர், இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ ஒருவர், இருவரும் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை என்று இருவருமே சொல்ல வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் முதலில் 30 நாள்தான். சங்கிலி, கட்டாய மொட்டை இரண்டுக்கும் தடை. பார்க்க வருகிறவர்களைச் சந்திக்கவும் போனில் பேசவும் உள்ளே இருப்பவருக்கு உரிமை உண்டு. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேருக்குப் பிறகும் ‘கட்டிப்போட்டால் திருந்துவான்’ என்று பேசுவது எரிச்சலாக இருக்கிறது. பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், ராத்திரியில் எந்த டாக்டர் இருப்பார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் திரும்பிவிடுங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் குடி மறக்கும் மாத்திரை கலக்கலாமா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: கூடவே கூடாது. அது பெரும்பாலும் டைசல்ஃபிராம். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். இதயம் பலவீனமானவர் இறந்தும் போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. தெரிந்து, சம்மதித்து, உங்கள் கண் முன்னே அவர் விழுங்கினால்தான் அது மருந்து. அப்போதும் வீட்டிலுள்ள அரிஷ்டத்தையும், ஆல்கஹால் கலந்த இருமல் டானிக்கையும் எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள்.