ஃப்ரிட்ஜைத் திறக்க அனுமதி கேட்கும் பிள்ளை

கேள்வி: கணவருக்கு நைரோபியில் மருந்துக் கம்பெனி வேலை. வெஸ்ட்லாண்ட்ஸில் வீடு. பத்து வயது மகன், ரிஃப்ட் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு பிரிட்டிஷ் பாடத்திட்டப் பிரெப் பள்ளியில் (13 வயது வரை படிக்கும் பள்ளி) இரண்டு வருடமாக போர்டிங்கில் படிக்கிறான். காரில் இரண்டரை மணி நேரம். கட்டணத்தைக் கம்பெனி கட்டுகிறது. நைரோபி டிராஃபிக்கில் தினமும் அலைய வேண்டாமே என்றுதான் அங்கே சேர்த்தோம். குதிரையேற்றம், நீச்சல், பியானோ எல்லாம் உண்டு. நல்ல ஒழுக்கமும் வந்திருக்கிறது. ஹாஃப் டெர்ம் லீவில் வந்தபோது ஃப்ரிட்ஜைத் திறக்கக்கூட என்னிடம் அனுமதி கேட்டான். 13 வயதில் காமன் என்ட்ரன்ஸ் என்ற பள்ளி நுழைவுத் தேர்வை எழுத வைத்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் கணவர். தமிழ் மீடியத்தில் படித்து, ஆபீசில் ஆங்கிலம் பேசக் கூச்சப்பட்டவர் அவர். ஐந்து வயது மகளுக்கும் அதே பள்ளியில் முன்பணம் கட்டியாயிற்று. ஆனால் மதுரையிலிருந்து என் அம்மா, ‘பெற்ற பிள்ளையைத் தள்ளி வைத்துவிட்டாயே, இங்கே கொண்டுவந்து விடு’ என்று தினமும் ஃபோனில் திட்டுகிறார். இங்கிலாந்தா, இந்தியாவா? நான் செய்தது தப்பா?
- பெயர் வேண்டாம், நைரோபி

பதில்: இங்கிலாந்தா, இந்தியாவா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த ஃப்ரிட்ஜ்.

பத்து வயதுப் பையன் லீவுக்கு வீட்டுக்கு வந்தால் என்ன செய்வான்? பையை நடுக்கூடத்தில் போடுவான். கை கழுவ மாட்டான். ஃப்ரிட்ஜைத் திறந்து, கதவைப் பிடித்துக்கொண்டே நின்று, “ஒண்ணுமே இல்லையாம்மா?” என்பான். “கரண்டு பில்லை யாருடா கட்டுறது, மூடு” என்று நாம் கத்துவோம். உங்கள் பிள்ளை கேட்டுவிட்டுத் திறக்கிறான். அதை ஒழுக்கம் என்று எழுதியிருக்கிறீர்களே, ஏம்மா, அடுத்தவர் வீட்டில்தானே நாம் கேட்டுத் திறப்போம்? அந்த வீட்டில் தனக்குப் பாத்தியதை உண்டா என்பதே அவனுக்குச் சந்தேகமாகிவிட்டது.

பள்ளியைக் குறை சொல்லவில்லை. டார்மிட்டரி நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் மேட்ரன், எதையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றுதான் பழக்குவார். வேறு வழியில்லை. ஆனால் அந்தப் பழக்கம் வீட்டு வாசலோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. அடுத்த லீவில் இன்னொன்றையும் கவனியுங்கள்: பெட்டியைப் பிரித்துத் துணிகளைத் தன் அலமாரியில் அடுக்குகிறானா, பெட்டியிலிருந்தே ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொள்கிறானா? இரண்டாவது என்றால், கிளம்பும் நாளை எண்ணிக்கொண்டுதான் உங்கள் வீட்டில் இருக்கிறான்.

டிராஃபிக் என்று ஒரு காரணம் சொல்கிறீர்கள். நைரோபிக்குள்ளேயே, கேரன், கிலேலேஷ்வா பக்கமெல்லாம், இதே பாடத்தை நடத்தி, வீட்டிலிருந்தே தினமும் வந்து போகும் டே ஸ்காலர்களைச் சேர்க்கும் பிரெப் பள்ளிகள் இருக்கின்றன. ஸ்கூல் பஸ்ஸும் ஓடுகிறது. காலையில் ஒரு மணி நேர அலைச்சலை மிச்சம் பிடிக்கவா பிள்ளையை வீட்டைவிட்டே அனுப்பினீர்கள்? இந்தக் காரணத்தை எழுதும்போது உங்களுக்கே கொஞ்சம் கூசியிருக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட போர்டிங் பள்ளிகள் வந்த கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1920, 30-களில் மேட்டுநிலப் பண்ணைகளில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் ஆரம்பித்தவை. பக்கத்துப் பண்ணைக்கே பல மைல், மழை பெய்தால் மண் ரோடு சேறாகிவிடும், தினமும் பள்ளிக்குப் போய் வர முடியாது. பிள்ளைகள் 13 வயதில் இங்கிலாந்துப் பள்ளிகளில் சேர வேண்டும் என்பதால் படிப்பும் 13 வயதோடு முடிந்தது. அந்தக் காலனி ஆட்சியில் வெள்ளையர், இந்தியர், ஆப்பிரிக்கர் என்று மூன்று தரப்புக்கும் பள்ளிகளே தனித்தனி. உங்கள் மகனை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். சரி, அது முடிந்த கதை. ஆனால் அவர்களுக்குப் போர்டிங் தேவைப்பட்டது. இன்றைக்கும் தெற்கு சூடானின் ஜூபாவிலோ, கென்யாவின் வடமேற்குக் கோடியில் இருக்கும் லோட்வாரிலோ வேலை பார்க்கும் குடும்பம் பிள்ளையை அங்கே விட்டால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வெஸ்ட்லாண்ட்ஸில் இருக்கும் உங்களுக்கு என்ன வந்தது?

பெற்றவர்களும் படிக்கப் பள்ளியும் ஒரே ஊரில் இருக்கும்போது, பத்து வயதுப் பிள்ளையை ஹாஸ்டலில் விடக் கூடாது என்பது என் கட்சி. பழைய பஞ்சாங்கம் என்பீர்கள், இருக்கட்டும். பதினாறு வயதில் அவனே போகிறேன் என்றால் அனுப்புங்கள். இப்போது அவனிடம் “உனக்கு அங்கே பிடிச்சிருக்கா?” என்று கேட்டு முடிவெடுக்காதீர்கள். அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு, பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வான்.

உங்கள் கணவரின் கூச்சம் எனக்குப் புரிகிறது. இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி பார்ப்பதுதான். ஆனால் ஆபீசில் அவர் பட்ட அவமானத்துக்குப் பையன் ஈடுகட்ட வேண்டியதில்லை. அவனுக்கு ஆங்கிலம் ஏற்கெனவே வந்துவிட்டது.

காமன் என்ட்ரன்ஸ் எழுதித் தேறினான் என்றே வையுங்கள். இங்கிலாந்தில் பல போர்டிங் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் 40,000 பவுண்டைத் தாண்டும். 2025 ஜனவரியிலிருந்து அதற்கு மேல் 20 சதவீத வாட் வரி வேறு. கம்பெனி எத்தனை வயது வரை கட்டும், கணவர் வேலை மாறினால் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டும் இருக்க மாட்டீர்கள். போதாததற்கு, பெற்றவர் வெளிநாட்டில் இருந்தால் அங்கேயே ஒரு கார்டியனைக் காட்டச் சொல்வார்கள். சின்ன லீவுகளில் அவன் போய்த் தங்குவது அந்த வீட்டில். பல சமயம் அது காசு கொடுத்து ஏற்பாடு செய்த வீடு.

உங்கள் அம்மா தினமும் திட்டுவது அதிகம். ஆனால் நியாயம் அவர் பக்கம். அதற்காகப் பிள்ளையை மதுரையில் கொண்டுபோய் விட்டால், அதுவும் இதே தப்புதான்; இடம் மட்டும்தான் வேறு.

பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லவில்லை. கென்யாவின் பாடத்திட்டம் 2017-லிருந்து மாறிக்கொண்டே வருகிறது, நீங்களும் எப்போது ஊர் மாறுவீர்களோ. பிரிட்டிஷ் பாடமே இருக்கட்டும். அதில் நம் பத்தாவது, பன்னிரண்டாவது மாதிரி வரும் ஐஜிசிஎஸ்இ, ஏ லெவல் தேர்வுகளை முடித்தாலும் இந்தியக் கல்லூரிகளில் சேர வழி உண்டு.

செப்டம்பரில் புது வகுப்பு தொடங்கும்போது அவன் நைரோபியில் டே ஸ்காலராக இருக்க வேண்டும். இம்மாதிரிப் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரு முழு டெர்முக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். தவறினால் ஒரு டெர்ம் கட்டணம் போய்விடும். சேர்க்கைப் படிவத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். கடிதத்தை இந்த வாரமே கொடுங்கள். கணவர் கையெழுத்துப் போட யோசித்தால் அந்த ஃப்ரிட்ஜ் விஷயத்தைச் சொல்லுங்கள், இதுவரை அவரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள். மகளுக்குக் கட்டிய முன்பணம் திரும்ப வராது என்பார்கள். போகட்டும், விட்டுவிடுங்கள்.