பாரிஸில் மூன்று நாள்

கேள்வி: நானும் மனைவியும் வெள்ளி காலை பாரிஸில் இறங்கி ஞாயிறு இரவு திரும்புகிறோம். மெட்ரோ, பஸ்ஸுக்கான வார பாஸ் லாபமா? லூவ்ர் அருங்காட்சியகம் தவிர எங்கே போகலாம்?

பதில்: பாஸ் வேண்டாம். நவிகோ என்னும் அந்த வார பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரைதான். வெள்ளியன்று கேட்டால் அடுத்த வாரத்துக்குத்தான் கிடைக்கும். பதிலாக, தனி டிக்கெட்டுகளை ஏற்றிக்கொள்ளும் நவிகோ ஈஸி அட்டையை ஆளுக்கொன்று வாங்குங்கள், ஒன்றைத் தட்டி இருவர் நுழைய முடியாது. விமான நிலையத்துக்குத் தனி டிக்கெட். சாதா மெட்ரோ டிக்கெட்டில் போனால் அபராதம்தான்.

பெட்டியை அறையில் போட்டதும் பெல்வில் சந்தைக்கு ஓடுங்கள். செவ்வாய், வெள்ளி காலை மட்டுமே கூடும், 2.30க்கு முடிந்துவிடும். கூட்டம் நெருக்கும், பர்ஸ் பின்பாக்கெட்டில் வேண்டாம். லூவ்ர் வெள்ளியன்று இரவு 9 வரை உண்டு, நேரம் குறித்து முன்பதிவு செய்யுங்கள். சோறு தேடினால் லா ஷப்பெல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன. கொத்து ரொட்டியை விடாதீர்கள்.