படித்தால் நடை கெடுமா?

அன்புள்ள ஐயா,

பாலக்கோடு பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறோம். இரண்டு வருடமாகக் கதை எழுதிப் பார்க்கிறேன். எனக்குப் பிடித்த எழுத்தாளர் ஒரே ஒருவர்தான். அவருடையது எல்லாவற்றையும் படித்துவிட்டேன், சிலதை நாலைந்து தடவை. என் கதையைப் படித்த நண்பன், "இது அவர் எழுதினதுதானே" என்கிறான். கொஞ்ச நாள் எதையுமே படிக்காமல் இருந்தால் சொந்த நடை வந்துவிடுமா? நிறையப் படித்தால் நடை கெட்டுவிடும் என்றும் ஒருவர் சொன்னார். கதையை இணைத்திருக்கிறேன்.

— வாசகர், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

கதையைப் படித்தேன். உங்கள் நண்பர் சொன்னது சரி. முதல் பக்கத்து நிலா, இரண்டாம் பக்கத்துப் பெருமூச்சு, 'ஏனோ' என்று தொடங்கும் ஆறு வாக்கியங்கள் எல்லாமே அவர் வீட்டுச் சாமான். வெட்கப்பட வேண்டாம், எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறோம். ஆனால் படிப்பதை நிறுத்தினால் அவர் போய்விட மாட்டார். இன்னும் வசதியாகக் கால் நீட்டி உட்கார்ந்துகொள்வார். அவரைக் கிளப்ப வேண்டுமென்றால் வீட்டுக்குள் இன்னும் பத்துப் பேரை விடுங்கள்.

பட்டுப்புழு மல்பெரி தழை ஒன்றைத்தானே தின்கிறது, நூல் விடவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். எந்த வீட்டில் வளர்ந்தாலும் அது விடுவது ஒரே மாதிரி நூல்தானே, நண்பரே.

என் முதல் கதையில் ஒரு நாய் செத்துப்போகும். அதற்கு இரண்டு பக்கம் அழுதிருந்தேன். 'நன்றியுள்ள', 'வாயில்லா ஜீவன்', 'ஈர விழி' ஒன்றையும் விடவில்லை. கதை திரும்பி வந்தது, எனக்குக் கோபம். சில வருடம் கழித்து நடுகற்களைப் பற்றிய புத்தகம் ஒன்று கையில் சிக்கியது. கதை எழுதுகிறவனுக்குக் கல்வெட்டு எதற்கு என்று அலட்சியமாகத்தான் புரட்டினேன். ஊத்தங்கரையைத் தாண்டி, செங்கம் பக்கம் எடுத்தனூர் என்று ஓர் ஊர். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், 7ஆம் நூற்றாண்டில், தன் எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த ஒருவனுக்கு அங்கே கல் நட்டிருக்கிறார்கள். அவனோடு ஒரு நாயும் செதுக்கியிருக்கிறது. நாய்க்குத் தனியாக ஒரு வரி: "கோவிவன் என்னும் நாய் இரு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு."

அவ்வளவுதான். நாய்க்குப் பெயர் இருக்கிறது. கள்ளர் எத்தனை பேர் என்ற கணக்கு இருக்கிறது. நன்றியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு சொல் கூடினாலும் உளி பிடித்தாக வேண்டும் அல்லவா? என் இரண்டு பக்கம் எனக்கே கூசியது.

உடனே இதுதான் எழுத்து என்று முடிவுகட்டி, மூன்று வருடம் கல்வெட்டு மாதிரியே வறட்டு வறட்டென்று எழுதித் தள்ளினேன். அதுவும் ஒரே ஆளின் பிடிதான். அதிலிருந்து இழுத்துப் போட்டது நம்ம ஊர் விஷயம். தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியது, புறநானூறு 235. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து குடிப்பான் என்று போகும். அடிக்கடி 'மன்னே', 'மன்னே' என்று வந்து விழும். அந்த 'மன்' ஓர் இடைச்சொல். தொல்காப்பியம் அதற்குச் சொல்லும் பொருள்களில் ஒன்று கழிவு: அப்போது இருந்தது, இனி இல்லை. கல் அழுகையை விழுங்கிவிட்டது. ஔவை வாய்விட்டு அழுகிறாள், ஆனால் பாதி அழுகையை ஒரு குட்டிச் சொல்லிடம் கொடுத்துவிட்டாள். ஒன்றை மட்டும் படித்துவிட்டு அதுதான் வழி என்று மூன்று வருடம் இருந்திருக்கிறேன்.

ஆகவே கதை, கவிதையோடு நிற்காதீர்கள். மொழிபெயர்ப்பு நாவல், பயணக் கட்டுரை, விவசாயப் பத்திரிகை எதுவானாலும் சரி. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் டிரங்குப் பெட்டியில் கிடக்கும், அதை எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். இன்னார் நிலத்துக்கு மேற்கு, ஓடைக்கு வடக்கு, இவற்றுக்கு மத்தியில் உள்ள நிலம், மாவடை மரவடை உட்பட என்று போகும். ஓர் இடத்தைக் கண்ணில் நிறுத்த அதைவிடக் கறாரான உரைநடையை நான் பார்த்ததில்லை. (என் கதைகளில் வரும் வீடுகளுக்குத் திசை இருக்கிறது என்று ஒருவர் பாராட்டினார். பத்திர எழுத்தருக்குப் போக வேண்டிய பாராட்டு.) நிறையப் படித்தால் நடை கெடும் என்றாரே, அவர் எழுதியதைக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

உங்கள் கதையில் மூன்றாம் பக்கம். நாலாவது தடவை தோலுரித்து எழுந்த புழுக்கள் ராத்திரி தழை தின்னும் சத்தம் மழை மாதிரி கேட்கிறது. அம்மா தூக்கக் கலக்கத்தில் எழுந்து போய், கொடியில் காயும் துணியை வாரிக்கொண்டு வருகிறாள். வானம் நிறைய நட்சத்திரம். மழை மாதிரி என்பதைப் பட்டுப்புழு வளர்க்கிற எல்லோரும் சொல்வார்கள். துணி எடுக்கப் போனது உங்கள் அம்மா மட்டும்தான். அந்த இடத்தில் உங்கள் எழுத்தாளர் இல்லை. முதல் இரண்டு பக்கத்தையும் வெட்டிவிட்டு அங்கிருந்து தொடங்கி அனுப்புங்கள். பத்திரம் கிடைத்தால் கிழக்கெல்லை என்ன என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து