பளபளக்கும் சின்ன உலோக உதிரிபாகங்களை நெருக்கத்தில் படம் எடுத்தால் ஒரு பக்கம் வெள்ளையாக எரிகிறது, மறுபக்கம் மங்கலாகிறது. மேக்ரோ லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

கேள்வியின் விவரம் சுருக்கமாக: சென்னை தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை. பித்தளை நாசில், ஸ்டீல் புஷ், சின்ன கியர், பேரிங் என்று 10 மி.மீ. முதல் 60 மி.மீ. வரையிலான சாமான்கள். கேட்லாக்குக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பவும் படம் வேண்டும். கையில் 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் கேமரா, 18-55 கிட் லென்ஸ்.

லென்ஸ் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். நீங்கள் சொன்ன இரண்டு கோளாறில் வெள்ளையாக எரிவதுதான் பெரியது. அதற்கும் லென்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. கடைந்து மெருகேறிய உலோகம் ஒரு கண்ணாடி. அதில் தெரிகிற வெள்ளைக் கோடு உங்கள் டியூப்லைட், கறுப்புத் திட்டு உங்கள் சட்டை, நீலச் சாயல் ஜன்னல் வழியே வரும் வானம். சாமானுக்கு வெளிச்சம் போடுவதைவிட, சாமானுக்கு எதிரே எது இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதே வேலை.

ஆண்டர்சன் தெருப் பேப்பர் கடைகளில் 90 ஜிஎஸ்எம் டிரேசிங் பேப்பர் கேளுங்கள். ஏ4 அளவுத் தாளை நீள வாட்டில் சுருட்டி ஒட்டினால் சுமார் 9 செ.மீ. விட்டமுள்ள குழல் கிடைக்கும். அதை நிற்க வைத்து நடுவில் சாமானை வையுங்கள். மேலிருந்து எடுப்பதானால் லென்ஸ் குழலின் வாய் வழியே பார்க்கும். பக்கவாட்டில் எடுப்பதானால் லென்ஸ் நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு ஓட்டை வெட்டி, குழலின் மேல்வாயை இன்னொரு டிரேசிங் துண்டால் மூடுங்கள். இரண்டு விளக்கும் குழலுக்கு வெளியே. ஒன்று 20 செ.மீ. தள்ளி, மற்றது 40 செ.மீ. தள்ளி. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் ஏறக்குறைய கால்வாசியாகும். அந்த வித்தியாசம்தான் படத்தில் உருளையை உருளையாகக் காட்டும். விளக்கைத் தாளோடு ஒட்டி வைத்தால் தாளில் ஒரு சின்ன பளிச் வட்டம் விழும். அந்த வட்டம் அப்படியே உலோகத்தில் தெரியும், மறுபடி அதே எரிச்சல். தாள் முழுவதும் வெளிச்சம் பரவும்வரை விளக்கைப் பின்னால் தள்ளுங்கள்.

இதோடு நிறுத்தினால் வேறு ஒரு குறை வரும். சுற்றிலும் வெள்ளையாக இருந்தால் ஸ்டீல் ஷாஃப்ட் சாம்பல் நிற பிளாஸ்டிக் போலச் செத்துப்போய்த் தெரியும், விளிம்பு பின்னணியோடு கரைந்துவிடும். உலோகம் உலோகமாகத் தெரிய வெள்ளைக்குப் பக்கத்தில் கறுப்பு வேண்டும். 1 செ.மீ. அகலக் கறுப்புத் தாள் பட்டை இரண்டை வெட்டி, குழலின் உட்புறத்தில் இடமும் வலமும் செங்குத்தாக ஒட்டுங்கள். ஷாஃப்டின் இரு ஓரத்திலும் நறுக்கென்று கறுப்புக் கோடு விழும்வரை பட்டையை நகர்த்திப் பாருங்கள். 5 மி.மீ. நகர்த்தினாலே படம் மாறும். நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். இங்கே கால் மணி நேரம் போனாலும் நஷ்டமில்லை.

எல்லாச் சாமானுக்கும் ஒரே வெளிச்சம் பொருந்தாது. மரை போட்ட போல்ட்டுக்கு முக்கிய விளக்கை அச்சின் திசையில், அதாவது ஒரு முனையிலிருந்து வரும்படி வையுங்கள். ஒவ்வொரு மரையிலும் ஒரு சரிவு வெளுத்து மறு சரிவு இருண்டு, பிட்ச் எண்ணும் அளவுக்குத் தெளியும். கியர் பல்லின் தேய்மானம், பேரிங் ஓடுபாதையில் விழுந்த குழி, பஞ்ச் அடித்த எண் இவற்றுக்குக் குழலை எடுத்துவிட்டு, மேற்பரப்புக்கு 10-15 டிகிரி சாய்வில் ஒரே ஒரு விளக்கு. சமமான இடம் இருண்டுவிடும், கீறலும் குழியும் மட்டும் பளிச்சிடும்.

வாஷர், சீல் முகம் போன்ற தட்டையான மெருகு முகத்தை நேர் மேலிருந்து எடுத்தால் கேமராவே கறுப்பு வட்டமாகப் பிரதிபலிக்கும். அதற்கு ஒரு பழைய உத்தி உண்டு. படச் சட்டத்துக்குப் போடும் மெல்லிய கண்ணாடித் துண்டை லென்ஸுக்கும் சாமானுக்கும் நடுவில் 45 டிகிரியில் சாய்த்து, விளக்கைப் பக்கவாட்டிலிருந்து கண்ணாடிமேல் விழச்செய்யுங்கள். வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நேர்க் கீழே இறங்கி, முகத்தில் பட்டு, அதே வழியே மேலேறி லென்ஸுக்குள் வரும். முகம் முழுவதும் ஒரே சீராக வெளுக்கும், டூல் மார்க் ஒவ்வொன்றும் கறுப்பு வட்டமாகத் தெரியும். கண்ணாடி திருப்பிவிடும் வெளிச்சம் மிகக் குறைவு என்பதால் ஷட்டர் நேரத்தைப் பல மடங்கு கூட்ட வேண்டும். கண்ணாடியைத் தாண்டி எதிர்ப்புறம் போகும் வெளிச்சம் சிதறி வராமல் அங்கே ஒரு கறுப்புத் துணி தொங்கட்டும்.

போலரைசர் ஃபில்டர் வாங்கு என்று யாராவது சொல்வார்கள். தண்ணீரிலும் கண்ணாடியிலும் படும் பிரதிபலிப்பை அது குறைக்கும். வெற்று உலோகத்தின் பிரதிபலிப்பை லென்ஸில் மாட்டிய ஃபில்டர் மட்டும் குறைக்காது. விளக்கின் முன்னும் போலரைசிங் ஷீட் வைத்து, லென்ஸில் இருப்பதை அதற்குக் குறுக்காகத் திருப்பினால் குறையும். ஆனால் அப்போது உலோகத்தின் பளபளப்பே செத்துவிடும். துரு, பெயின்ட், எண்ணெய்க் கறை ஆகியவற்றின் நிறத்தைக் காட்ட மட்டும் அது உதவும்.

இனி மங்கல். முதலில் எவ்வளவு நெருக்கம் தேவை என்று கணக்குப் போடுங்கள். உங்கள் சென்சாரின் அகலம் சுமார் 23.5 மி.மீ. 60 மி.மீ. புஷ்ஷைச் சுற்றி இடம் விட்டு 70 மி.மீ. அகலமாக எடுத்தால் உருப்பெருக்கம் மூன்றில் ஒன்றுதான். அந்த அளவில் அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித் துளை) எஃப் 11-ல் வைத்தால் 5 மி.மீ. ஆழம் ஓரளவு தெளிவாக வரும். சாமானின் நீளமான முகம் சென்சாருக்கு இணையாக இருக்கும்படி வைத்தால் பெரும்பாலான கேட்லாக் படம் ஒரே சொடுக்கில் முடிந்துவிடும். 1:1, அதாவது சாமானின் நிஜ அளவிலேயே பிம்பம் சென்சாரில் விழுவது, தேவைப்படுவது 20 மி.மீ.க்குக் குறைந்த சாமானுக்கு மட்டும்.

அதற்கும் விலை கூடிய லென்ஸ் கட்டாயமில்லை. பழைய மேனுவல் 50 மி.மீ. லென்ஸோடு 50 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழல்) போட்டால் 1:1. 25 மி.மீ. டியூப் போட்டால் பாதி. டியூபின் நீளத்தை லென்ஸின் ஃபோக்கல் நீளத்தால் வகுத்தால் உருப்பெருக்கம், அவ்வளவே கணக்கு. லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் இருக்க வேண்டும். மின் இணைப்பில்லாத மலிவு டியூபில் கிட் லென்ஸை மாட்டினால் அப்பர்ச்சரை மாற்ற வழியில்லாமல் போகும். 50 மி.மீ. லென்ஸில் சாமான் லென்ஸ் முனைக்கு மிக அருகே வந்துவிடுவதால் விளக்கு வைக்க இடம் குறையும். பின்னாளில் 100 மி.மீ. மேக்ரோ வாங்கினால் 1:1-லும் லென்ஸ் முனைக்கும் சாமானுக்கும் நடுவே 13-15 செ.மீ. கிடைக்கும். அதற்காக மட்டும் அந்தச் செலவு நியாயம்.

1:1-ல் அப்பர்ச்சரை எஃப் 16-க்கு மூடினாலும் கிடைக்கும் ஆழம் 1.3 மி.மீ. அளவுதான். அதோடு அந்த நெருக்கத்தில் எஃப் 16 உண்மையில் எஃப் 32 போல நடக்கும். ஒளி விளிம்பில் வளைவதால் படம் முழுவதும் மெழுகு பூசியது போலாகும். மூடி மூடிப் பார்ப்பதை விட்டுவிட்டு, எஃப் 5.6-ல் கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி அடுக்கடுக்காக எடுத்து மென்பொருளில் சேர்ப்பதே வழி. எஃப் 5.6-ல் ஆழம் சுமார் 0.45 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படிய வேண்டும் என்பதால் 0.3 மி.மீ.க்கு ஒரு படம். 12 மி.மீ. உயரமுள்ள நட்டுக்கு 40 படம்.

0.3 மி.மீ. நகர்த்த, கேமராவைத் தாங்கி நகர்த்தும் ஃபோக்கஸ் ரெயில் தேடி அலைய வேண்டாம், உங்கள் லேத்திலேயே இருக்கிறது. காம்பவுண்ட் ஸ்லைடின் டயலில் ஒரு கோடு 0.05 மி.மீ. என்றால் 6 கோடு. டயல் விட்டக் கணக்கில் குறித்ததாக இருந்தால் நகர்வு அதில் பாதிதான், ஒருமுறை டயல் கேஜ் வைத்துச் சரிபாருங்கள். கேமராவின் அடியில் இருப்பது கால் அங்குல ஸ்குரூ ஓட்டை, அங்குலத்துக்கு 20 மரை. ஒரு தட்டையான பாரில் அந்த ஸ்குரூவைப் போட்டு டூல் போஸ்டில் பிடிக்கலாம். ஸ்குரூ கேமராவுக்குள் 5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, போனால் அடித்தட்டைக் குத்திவிடும். லேத்தின் மெயின் சுவிட்ச் அணைந்திருக்கட்டும், பெட்டின்மேல் சுத்தமான துணி விரியுங்கள். எப்போதும் ஒரே திசையில் சுற்றுங்கள், திருப்பினால் ஸ்குரூவின் தளர்வு கணக்கைக் கெடுக்கும். நகர வேண்டியது கேமரா. சாமானை மட்டும் குழலுக்குள் நகர்த்தினால் ஒவ்வொரு படத்திலும் பிரதிபலிப்பு இடம் மாறி, சேர்த்த படத்தில் கோடு கோடாக இழுக்கும். லேத்தைச் சும்மா நிறுத்த முடியாதென்றால் எம்6 த்ரெட் ராடை வைத்து ஒரு சறுக்குத் தட்டு செய்யுங்கள். பிட்ச் 1 மி.மீ., மூன்றில் ஒரு சுற்று போதும்.

படங்களைச் சேர்க்க ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் இரண்டு மென்பொருளும் நல்லவை. இலவசமாக வேண்டுமென்றால் ஹியூஜின் மென்பொருளோடு வரும் என்ஃப்யூஸ். முதல் இரண்டிலும் சேர்க்கும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஸ்பிரிங் போலக் கம்பிக்கு முன் கம்பி கடக்கும் சாமானுக்குப் பிரமிட் முறை. மென்மையான முகத்துக்கு ஆழ வரைபட முறை. பிரமிட் முறை அங்கே படத்தின் புள்ளி இரைச்சலையும் கான்ட்ராஸ்டையும் கூட்டிவிடும்.

அதிர்வு உங்கள் பக்கத்தில் சாதாரணப் பிரச்சினையில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போகிறது, கொருக்குப்பேட்டை பக்கம் கூட்ஸ் வண்டி போகிறது, பக்கத்துக் கடையில் பவர் பிரஸ் ஓடுகிறது. உங்கள் கேமராவில் ஒரு பிக்சல் 0.004 மி.மீ. 1:1-ல் சாமான் நூறில் ஒரு மி.மீ. ஆடினாலே இரண்டரை பிக்சல் இழுத்துவிடும். லைவ் வியூவை 10 மடங்கு பெரிதாக்கி அரை நிமிடம் பாருங்கள், நடுக்கம் கண்ணுக்கே தெரியும். சிறு சாமான்களுக்குத் தனி மேடை அமைக்கலாம். மர மேசையை விட்டுத் தரைக்கு இறங்கி, ஒரு கடப்பா கல்லைப் போட்டு அதன் நான்கு மூலையிலும் பழைய டியூப் ரப்பரை மடித்து வையுங்கள். கேமராவும் சாமானும் அதே கல்லின்மேல் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே ஆடினால் படம் கெடாது. மெயின் ரோட்டை ஒட்டிய கடையென்றால் எல்இடியை விட்டுவிட்டு ஃப்ளாஷ் எடுங்கள். 1/32 சக்தியில் அது வினாடியில் 10,000-ல் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே எரியும். எந்த லாரியும் அதற்குள் படத்தை அசைக்காது. அறை இருட்டாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

எல்இடி என்றால் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற எண்) 90-க்கு மேல் உள்ளதை வாங்குங்கள். குறைந்ததில் பித்தளையும் கன்மெட்டலும் ஒரே நிறமாகத் தெரியும். மலிவு பல்பு வினாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் 1/50 அல்லது அதைவிட மெதுவாக இருந்தால் பட்டை விழாது. டியூப்லைட்டை அணையுங்கள், ஜன்னலை மூடுங்கள். மேனுவல், ஐஎஸ்ஓ 100, ஒயிட் பேலன்ஸ் ஒரே எண்ணில் நிலையாக, கோப்பு ரா (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் சேமிக்கும் வகை).

துப்புரவு பாதி வேலை. கண்ணுக்குத் தெரியாத தூசு 1:1-ல் கயிறாகத் தெரியும். கிரீஸை முதலில் டீசலில் கழுவி, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் அலசி, நைட்ரைல் கையுறையோடு எடுங்கள். ஆல்கஹால் புட்டி கிரைண்டர் பொறி பறக்கும் பக்கம் வரவே கூடாது. காட்டன் வேஸ்ட்டால் துடைத்தால் இழை ஒட்டும். கம்ப்ரசர் காற்று அடித்தால் அதில் வரும் எண்ணெயும் தண்ணீரும் புள்ளி புள்ளியாகப் படியும்; கையால் அழுத்தும் ரப்பர் புளோயரே நல்லது. பித்தளையைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். அமிலத்தில் ஊறினால் துத்தநாகம் கரைந்து மேலே செம்பு நிறம் தட்டும், வாடிக்கையாளர் வேறு உலோகம் என்று நினைப்பார். உப்புத்தாளும் வேண்டாம், உங்கள் கடைசல் நேர்த்தியைக் காட்டுவதே அந்த டூல் மார்க்தான்.

சாமானை நிறுத்தக் காந்தம் வைக்கும் பழக்கம் பேரிங்கைக் கெடுக்கும். காந்தம் ஏறிய ஸ்டீல் பிறகு இரும்புச் சீவலை இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். பின்னால் ஒரு சிட்டிகை மாடலிங் களிமண் போதும். அளவு காட்ட ஒரு ரூபாய் நாணயம் வைக்காதீர்கள், அதுவே பல அளவில் வந்திருக்கிறது. ஸ்டீல் ரூல் வையுங்கள், அதுவும் காட்ட வேண்டிய முகத்தின் மட்டத்திலேயே. 20 செ.மீ. தூரத்திலிருந்து எடுக்கும்போது ரூல் 2 மி.மீ. பின்னால் போனால் அளவில் 1 சதவீதம் தவறும்.

அவசரத்துக்கு மொபைல் என்றால், 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவைத் தொடாமல் 2 அல்லது 3 மடங்கு லென்ஸில் தள்ளி நின்று எடுத்து வெட்டிக்கொள்ளுங்கள். அகல லென்ஸில் நெருங்கினால் ஷாஃப்டின் அருகு முனை வீங்கும். டிரேசிங் குழலும் கறுப்புப் பட்டையும் அதற்கும் அப்படியே பொருந்தும்.

படம் முடிந்த கையோடு ஸ்டீல் சாமான்மேல் மெல்லிய எண்ணெய் தடவிவிடுங்கள். ஆல்கஹாலில் கழுவிய இரும்பு வெறும் உடம்பாக இருக்கும். காசிமேட்டுப் பக்க உப்புக் காற்றில் மறுநாளே செம்புள்ளி தட்டலாம். கேமராவையும் லென்ஸையும் சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். லென்ஸுக்குள் ஒருமுறை பூஞ்சை பிடித்தால் அது கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும்.