மாஸ்டரைக் கேளுங்கள்: நேற்று உருகியது, இன்று உறைந்தது

கேள்வி: மாஸ்டர், எனக்கு வயது 61. சீனி வருத்தம் இருக்கிறது. தினமும் அரை மணித்தியாலம் நடக்கும்படி டொக்டர் சொன்னார். கோடையில் ஒழுங்காக நடந்தேன். இப்போது ஒரு நாள் மைனஸ் 15, மறுநாள் பிளஸ் 4, அதற்கடுத்த நாள் உறைமழை, விழுந்தவுடன் ஐஸாகிறது. போன மாதம் ஆறு நாள்தான் நடந்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?
– வாசகி, ஸ்காபரோ, கனடா

பதில்: ஆறு நாளையும் எண்ணி வைத்திருக்கிறீர்களே தங்கச்சி, அதுவே பாதி வெற்றி. எனக்கு எழுதுகிற பலர் நவம்பரில் சப்பாத்தைக் கழற்றினால் ஏப்ரலில்தான் மறுபடி தேடுகிறார்கள்.

நீங்கள் எந்த நாளுக்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டால் மைனஸ் 15 என்றுதான் சொல்வீர்கள். நான் பயப்படுவது பிளஸ் 4க்கு அடுத்த காலைக்கு. நாலு வருடத்துக்கு முந்தி, ஒரு பெப்ரவரி மாதம். முதல்நாள் நல்ல வெயில். கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் குவித்திருந்த ஸ்னோ உருகித் தார் மேலே ஓடியிருக்கிறது. இரவு அது உறைந்துவிட்டது. காலை ஏழரைக்கு வீட்டுச் செருப்போடு குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். ரோடு வெறும் ஈரமாகத்தான் தெரிந்தது. அடுத்துத் தெரிந்தது வானம். இடது மணிக்கட்டில் ஆறு கிழமை மாக்கட்டு. அந்த வருடம் மைனஸ் 20இல் எல்லாம் நடந்தவன் நான், விழுந்தது குப்பை போடப் போய்!

ஆகவே காலையில் வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள். நேற்று உருகியதா, இரவு பூச்சியத்துக்குக் கீழே போனதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் பதினொரு மணிக்குப் பிறகு கிளம்புங்கள். அதற்குள் வெயிலும் ரோட்டில் தூவிய உப்பும் தங்கள் வேலையைப் பார்த்திருக்கும். ஆனால் மைனஸ் 10க்குக் கீழே உப்பும் சோர்ந்துவிடும், அதை நம்பி இறங்க வேண்டாம். இறங்கியபின் எங்கள் ஊர்த் தாரா, அதுதான் வாத்து, நடக்கிற மாதிரி நடவுங்கள்: சின்ன அடி, முழுப் பாதமும் நிலத்தில், கை பொக்கெற்றுக்கு வெளியே. பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

வெறும் குளிர் நாளில் தாராளமாகப் போங்கள். ஒரு தடித்த ஜக்கெற்றை விட மெல்லிய உடுப்பு மூன்று நல்லது. உடம்போடு ஒட்டுவது பருத்தியாக இருக்கக் கூடாது, வியர்வையில் நனைந்தால் அதுவே குளிரும். காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் குளிர் அளவு மைனஸ் 28ஐத் தொட்டால் மட்டும் வீட்டில் நில்லுங்கள். அந்தக் குளிரில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும். சீனி வருத்தக்காரருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், விரல் உறைவதும் தெரியாது. வந்தவுடன் காலுறையைக் கழற்றி விரல்களைப் பாருங்கள்.

உறைமழை நாளில் வாசலுக்கே போக வேண்டாம். அரை மணித்தியாலத்தை ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்றும் இல்லை, பத்துப் பத்து நிமிடமாக மூன்று தரம் நடந்தாலும் கணக்குத்தான். சாப்பிட்ட பிறகு நடந்தால் சீனிக்கு இன்னும் நல்லது. என்னுடைய மனுசி ரைஸ் குக்கரைப் போட்டுவிட்டு ஹோலுக்கும் குசினிக்கும் நடக்கத் தொடங்குவா, சுவிட்ச் 'டக்' என்று எழும்பும்வரை நிற்கமாட்டா. அரிசியைக் கூடப் போட்டால் நடையும் கூடும் என்பது அவவின் கணக்கு. அதோடு, கைபிடியில்லாத கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருங்கள். வழுக்கும்போது தாங்கப் போவது அந்தத் தொடைதான். பேஸ்மென்ற் படியும் நல்லது, ஆனால் வெறும் காலுறையோடு மரப்படியில் ஏற வேண்டாம்.

மகன் காரில் இறக்கிவிடுவார் என்றால் ஸ்காபரோ ரவுன் சென்ரர் மோலில் காலையிலேயே, சனம் கூடுமுன், சுற்றி நடக்கலாம். தனியாக இருக்காது. நடக்கிறவர்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள், ஊர்க்கதை இலவசம்.

கேள்வி: எனக்கு வயது 58, பிரஷர் குளிசை எடுக்கிறேன். டிரைவ்வேயில் ஸ்னோ வழிப்பதே எனக்கு நல்ல உடற்பயிற்சி என்கிறேன். மனைவி விடுகிறா இல்லை. யார் சரி?
– வாசகர், மார்க்கம்

பதில்: உங்கள் மனைவிதான் சரி. குளிரில் இரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். அதற்கு மேலே நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரத்தைத் தூக்குகிறீர்கள். இளகின நாளில் விழும் ஈர ஸ்னோ இன்னும் பாரம். டொக்டரைக் கேளுங்கள். அவர் சம்மதித்தாலும் தூக்கி எறியாமல் தள்ளுங்கள், கொட்டி முடியும்வரை காத்திராமல் இடைக்கிடை கொஞ்சம் கொஞ்சமாக வழியுங்கள். நெஞ்சு இறுகினால் ஸ்னோ வழிக்கும் சவலை அந்த இடத்திலேயே போட்டுவிட்டு 911ஐக் கூப்பிடுங்கள். பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு இருபது டொலர் கொடுப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

கேள்வி: வழுக்காத பூட்ஸ் என்று ஒன்று உண்டா?
– வாசகி, பிராம்ப்டன்

பதில்: குறைவாக வழுக்குவது உண்டு. ரொறன்ரோவில் மறுவாழ்வு மருத்துவமனை ஆய்வாளர்கள் சரிவான ஐஸ் தளத்தில் ஆட்களை நடக்கவிட்டுப் பூட்ஸ்களைச் சோதிக்கிறார்கள். 7 பாகைச் சரிவில் தாக்குப்பிடித்தால் ஒரு பனிப்பூ மதிப்பெண். 2016இல் முதல் முடிவை வெளியிட்டபோது பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. விலை கூடினது எல்லாம் தேறும் என்றும் இல்லை. சப்பாத்துக்கு மேலே மாட்டும் ஆணிப் பட்டியும் உதவும், ஆனால் மோல் வாசலில் கழற்றிவிடுங்கள். பளிங்குத் தரையில் அந்த ஆணியே வழுக்கும்.